கன்றுக்கு முன்னால் ஓடையை வரையுங்கள்

எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்தி (மாங்குரோவ் மரம்) நடக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை கன்று என்றுதான். அந்தச் சேற்றுக்குக் கடல்நீர் எந்தப் பக்கமாக ஏறி எந்தப் பக்கமாக இறங்குகிறது என்று கேளுங்கள். அந்த வழி அடைபட்ட இடத்தில் எத்தனை நட்டாலும், வெயிலில் உப்பு பூத்துக் கருகிவிடும். பிச்சாவரத்தில் முதலில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரை உள்ளே விட்டு, அப்புறம் நட்டதும் இதனால்தான்.

ஆகவே வரைபடத்தின் முதல் கோடு ஓடையாக இருக்கட்டும். கணினியில் கூகுள் எர்த் ப்ரோவை இறக்கி (இலவசம்தான்), பழைய படங்களுக்கான கடிகாரக் குறியை அழுத்தி, கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் இடத்தை வருடம் வருடமாகப் பின்னால் தள்ளிப் பாருங்கள். அனல்மின் சாம்பல் படிந்து மேடான இடமும், மண் கொட்டி அடைத்த ஓடையும் கண்ணுக்கே தெரியும். பழைய ஓடைகளை நீலத்தில் வரைந்து கேஎம்எல் (வரைந்த கோடுகளை வைத்திருக்கும் வரைபடக்) கோப்பாகச் சேமித்து, பெரிதாக அச்சடித்து, காட்டுக்குப்பத்தில் வலை போடும் பெரியவர்கள் முன்னால் விரியுங்கள். கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களையும் கூப்பிடுங்கள், எங்கே முழங்கால் ஆழம், எங்கே சாம்பல் என்று அவர்கள் விரல் வைத்துக் காட்டுவது எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது.

களத்துக்கு க்யூஃபீல்டு செயலி போதும். கணினியில் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தயாரித்த வரைபடம் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு புள்ளி வைக்காதீர்கள். நாங்கள் முதல் வருடம் அப்படித்தான் செய்தோம், போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும் என்பதால் ஆறு மாதம் கழித்து எந்தப் புள்ளி எந்தக் கன்று என்றே சொல்ல முடியவில்லை. அதற்குப் பதில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டங்கள் சிலவற்றை மூங்கில் குச்சி நட்டு நிரந்தரமாகக் குறியுங்கள். மாதம் ஒருமுறை, உயிரோடு உள்ளவை எத்தனை, பட்டுப்போனவை எத்தனை, அன்று நீர் எதுவரை வந்தது, ஒரே மூலையில் நின்று ஒரே திசையில் எடுத்த போட்டோ. இவ்வளவுதான் படிவம். போனில் நிரப்பும் படிவங்களை உருவாக்க உதவும் கோபோ டூல்பாக்ஸில் தமிழிலேயே தயாரிக்கலாம்.

செயற்கைக்கோள் படத்தைப் பொறுமையாகவே நம்புங்கள். ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 சுமார் 5 நாளுக்கு ஒருமுறை இலவசமாகப் படம் தருகிறது, ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது 10 மீட்டர், முழங்கால் உயரக் கன்று அதில் தெரியாது. பச்சையாகத் தெரிவதெல்லாம் அலையாத்தியும் இல்லை, கரையில் சீமைக்கருவேலமும் அப்படித்தான் தெரியும். மழைக்கால மேகம் விலகிய பிப்ரவரி, மார்ச் படங்களை, நீர்மட்டம் ஏறக்குறைய ஒன்றாக இருந்த நாட்களாகப் பார்த்து ஒப்பிடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள் எண்ணெய் வந்து, அலையாத்தி சேற்றுக்கு மேலே நீட்டி மூச்சு விடும் வேர்களில் படிந்தது. அப்படி ஒன்று திரும்ப நடந்தால், போன மாதம் வரை எத்தனை உயிரோடு இருந்தன என்ற கணக்கு தேதியோடு உங்கள் கையில் இருக்க வேண்டும். அதனால் செத்துப்போன கட்டத்தை வரைபடத்திலிருந்து அழித்துவிடாதீர்கள். சிவப்பு பூசி வைத்துவிட்டு, அடுத்த நடவுக்கு முன் அங்கே ஓடை எங்கே அடைபட்டிருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.