பித்தப்பை அழற்சி ஆய்வில் அம்மாவைச் சேர்த்த அனுபவம்

மேலூரில் வசிக்கும் என் அம்மாவுக்குப் பித்தக்கல்லால் பித்தப்பை அழற்சி ஏற்பட்டிருப்பது ஸ்கேனில் உறுதியானது. வலி தணிந்து, லேப்பராஸ்கோப்பி என்னும் சிறுதுளை அறுவைக்கு நாள் குறிக்கும்வரை கிடைத்த இடைவெளியில்தான் மருத்துவ ஆய்வுகளைத் தேடினேன். காய்ச்சலும் விடாத வலியும் இருப்பவர்கள் இதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நிறுவனத்தின் கீழ் 2007 முதல் இயங்கும், மருத்துவ ஆய்வுகளைப் பதிவுசெய்யும் சி.டி.ஆர்.ஐ. இணையப் பதிவேட்டில் எவரும் கட்டணமின்றித் தேடலாம். பித்தப்பை அழற்சியின் ஆங்கிலப் பெயரான 'கோலிசிஸ்டைட்டிஸ்' என்று மட்டும் தேடியபோது எங்களுக்குப் பொருந்துவது எதுவும் கிடைக்கவில்லை. பித்தப்பையை அகற்றும் அறுவையான 'கோலிசிஸ்டெக்டமி' என்பதையும் இட்ட பிறகு, அறுவைக்குப் பிந்தைய வலியைக் குறைக்கும் இரு முறைகளை ஒப்பிடும் ஆய்வொன்று மதுரையிலேயே ஆள் சேர்ப்பது தெரிந்தது. வயது வரம்பு, யாரைச் சேர்க்கமாட்டார்கள், நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்ததா, யாரைத் தொடர்புகொள்வது ஆகிய விவரங்கள் அப்பதிவிலேயே இருந்தன.

ஆய்வு மருத்துவரிடம், அம்மாவின் சர்க்கரை நோய் தடையாகுமா, கூடுதல் பரிசோதனைச் செலவு யாருடையது, அவ்விரு முறைகளில் எதற்கான பிரிவில் சேர்ப்பது என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்வார்களா என்று கேட்டேன். புதிய மருந்துச் சோதனையாக இருந்தால், அதனால் நேரும் பாதிப்புக்கு இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் 2019ஆம் ஆண்டு விதிகளில் உண்டு என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. தமிழில் இருந்த ஒப்புதல் படிவத்தை வீட்டில் வைத்து முழுதும் வாசித்து, எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது என்ற வரியைக் காட்டிய பிறகே அம்மா கையொப்பமிட்டார். ஒரு நகலையும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.