நடைக்கு முன் ஒரு டம்ளர் கிரீன் டீ

கோவை ரேஸ்கோர்ஸில் காலை ஐந்தரைக்கு நடக்கிறவன் நான். வழியில் அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய் என்று ஜூஸ் கடைகள். "கொழுப்பு கரையும் சார்" என்று கூப்பிடுவார்கள். எல்லாவற்றையும் குடித்துப் பார்த்தாயிற்று. இப்போது வீட்டிலேயே குடித்துவிட்டுக் கிளம்புவது கிரீன் டீ மட்டும்.

கரையும் என்றால் எவ்வளவு? 2008இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 12 ஆண்களுக்குக் கிரீன் டீ சாரத்தை மாத்திரையாகக் கொடுத்து அரை மணி நேரம் சைக்கிள் மிதிக்க விட்டார்கள். கொழுப்பு எரிந்தது 17 சதவீதம் கூடியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 0.35 கிராம் எரிந்த இடத்தில் 0.41 கிராம். அரை மணிக்குக் கூடுதலாக 1.8 கிராம், அரை டீஸ்பூன் எண்ணெய்கூட வராது. கலோரியில் சுமார் 16.

ஒரு டீஸ்பூன் சர்க்கரையிலும் அதே 16 கலோரிதான். நான் முதல் மூன்று மாதம் இரண்டு ஸ்பூன் தேன் விட்டுக் குடித்தேன், தேன் நல்லது என்ற நினைப்பில். தேனும் உடம்புக்குச் சர்க்கரைதான். இன்சுலின் ஏறினால் கொழுப்பு எரிவது குறையும். ஆக, இனிப்பே வேண்டாம்.

போடும் விதம்: 200 மில்லி தண்ணீரை அடுப்பில் வைத்து, பாத்திரத்தின் அடியில் கடுகளவு குமிழி ஒட்டத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். தளதளவென்று கொதித்துவிட்டதா, ஐந்து நிமிடம் ஆறட்டும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கஷாயம் மாதிரிக் கசக்கும், அப்புறம் சர்க்கரை டப்பாவைத்தான் தேடுவீர்கள். இலை ஒரு டீஸ்பூன். நான் வாங்குவது குன்னூர் இலை. மூடி வைத்து இரண்டரை நிமிடத்தில் வடிகட்டுங்கள். வெதுவெதுப்பானதும் கால் மூடி எலுமிச்சை பிழியலாம். பால் கூடாது.

நடைக்கு முக்கால் மணி நேரம் முன்பு குடியுங்கள். ஒரு நாள் வெறும் வயிற்றில் இலையை அள்ளிப் போட்டுக் குடித்துவிட்டுப் போனேன். பாதிச் சுற்றில் குமட்டி, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் நாலு வறுத்த வேர்க்கடலை மென்றுவிட்டுக் குடிக்கலாம்.

மெதுவாக உலாத்தினால் பெரிதாக எதுவும் எரியாது. மூச்சு வாங்க ஓடினால் உடம்பு கொழுப்பை எரிப்பதைக் குறைத்துக்கொண்டு சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். கூட வருகிறவரிடம் மகன் கல்யாணக் கதையைச் சொல்ல முடிய வேண்டும், ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை மூச்சு இழுக்க வேண்டும். அந்த வேகம் போதும்.

மாத்திரைப் பக்கம் மட்டும் போகாதீர்கள். கிரீன் டீ சார மாத்திரையில் ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருள் நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ போனால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்திருக்கிறது. கப்பில் குடிப்பதில் அவ்வளவு இருக்காது.

டீ இரும்புச்சத்தை உடம்பில் முழுசாகச் சேரவிடாது. என் மனைவி இரும்பு மாத்திரை சாப்பிடுகிறாள், அதனால் சாப்பாடு, மாத்திரை இரண்டிலிருந்தும் தள்ளி பதினொரு மணிக்குத்தான் குடிப்பாள். அதே இலையில் இரண்டாம் முறையும் சாரம் இறங்கும் என்று சொல்லிப் பார்த்தேன். புது இலைதான் வேண்டுமாம்.