முதல் பாசறை: பாடசாலை மைதானத்திலேயே ஓர் இரவு

சாரணர் குழுவில் சேர்ந்த பிள்ளை முதல் வாரமே கேட்பது, "சேர், எப்ப கேம்ப் போறது?" என்றுதான். கண்ணில் கித்துள்கலை ஆறு ஓடிக்கொண்டிருக்கும். "முதல் இரவு நம்முடைய மைதானத்தில்தான்" என்றதும் முகம் தொங்கிவிடும். பரவாயில்லை. முடிச்சு அவிழட்டும், சோறு குழையட்டும். எட்டிப் போனால் கூரையும் குழாய்த் தண்ணீரும் இருக்கிற இடத்தில் அந்தப் பிழைகளை விட்டுப் பழகுவது நல்லது. முதன்முறை பிள்ளைகளைக் கூட்டிச் செல்லும் உதவித் தலைவர்களுக்கும், கூட வரும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன்.

1. நாளும் இடமும்

கொழும்பில் இதற்குத் தோதான காலம் ஜனவரி, பெப்ரவரி. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மழை வரும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவ மழை. அதிபரின் அனுமதி, பெற்றோரின் கையெழுத்து, எந்தப் பிள்ளைக்கு என்ன மருந்து என்ற விபரம் மூன்றும் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

இடம் தேடும்போது முதலில் அண்ணாந்து பாருங்கள். தென்னை மரத்தடி எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தாலும் வேண்டாம். தேங்காய் மட்டுமல்ல, காய்ந்த மட்டை விழுந்தாலும் தலை தாங்காது. அப்புறம் கீழே பாருங்கள்: கான் ஓரம் வேண்டாம், புல் கொஞ்சம் மேடாக இருக்கிற பக்கம் சரி.

இடிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் எல்லோரும் வகுப்பறைக்குள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனபிறகுதான் வெளியே.

2. தறப்பாள் கொட்டில்

கடையில் வாங்கும் டென்டை விரித்து நிறுத்தப் பத்து நிமிடம் போதும், ஆனால் பிள்ளை எதையும் கற்காது. ஒரு தறப்பாளும் கயிறும் வாங்குங்கள். பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் இரண்டும் கிடைக்கும். ஐந்து பேருக்கு 12 அடிக்கு 15 அடித் தறப்பாள் தாராளம். ஐந்தாறு மில்லிமீற்றர் தடிப்பில் நைலோன் கயிறு எடுங்கள்.

இரண்டு மரங்களுக்கு நடுவே நெஞ்சளவு உயரத்தில் ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதன் மேல் தறப்பாளைப் போட்டு, இரு பக்கமும் சாய்வாக இழுத்து முளை அடிக்க வேண்டும். அவ்வளவுதான். முளையின் தலை கொட்டிலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். நேராக அடித்த முளை ஈர மண்ணில் உருவிக்கொண்டு வரும்.

இதில் உயிர்நாடி முளையில் போடும் முடிச்சுத்தான். பெயர் டோட்லைன் ஹிட்ச். மெதுவாகப் பாருங்கள்.

கயிற்றின் நுனியை முளையைச் சுற்றி உங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு வாருங்கள். இப்போது தறப்பாளிலிருந்து வரும் கயிறும் கையிலுள்ள நுனியும் சேர்ந்து முளையைச் சுற்றி ஒரு வளையம் போல நிற்கும். தறப்பாளிலிருந்து வரும் அந்தக் கயிற்றின் மேல் நுனியால், முளையை நோக்கியபடி, வளையத்துக்கு உள்ளேயே இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு நுனியை அந்த இரண்டு சுற்றையும் தாண்டித் தறப்பாள் பக்கம் கொண்டுபோய், வளையத்துக்கு வெளியே, அதே திசையில் இன்னுமொரு சுற்றுப் போட்டு, அதன் அடியால் நுழைத்து இறுக்குங்கள். முடிச்சைக் கையால் தள்ளினால் நகரும். தறப்பாள் இழுத்தால் நகராது. நைலோன் வழுக்கினால் உள்ளே மூன்று சுற்று.

நகரும் முடிச்சு எதற்கு? நைலோன் நனைந்தால் கொஞ்சம் தளரும். தும்புக் கயிறு நனைந்தால் சுருங்கி முளையையே பிடுங்கிவிடும். இரவில் அவிழ்க்காமல் கட்டாமல் கயிற்றைச் சரிசெய்ய இந்த முடிச்சு வேண்டும். என் முதல் பாசறையில் நான் ஏதோ ஒரு முடிச்சுப் போட்டேன். இரவு இரண்டு மணி மழையில் கயிறு தளர்ந்து, தறப்பாள் நடுவில் தண்ணீர் தொந்தி போட்டு, ஐந்து பேர் மேலும் ஒரே அடியாகக் கொட்டியது. இன்றைக்கும் அந்த நண்பர்களில் ஒருவன் என்னைக் கண்டால் குடையைத்தான் கேட்பான்.

இன்னொன்று. மழைநீர் கயிறு வழியே ஓடி உள்ளே வரும். கொட்டிலுக்கு ஒரு சாண் வெளியே கயிற்றில் ஒரு துணித்துண்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அதன் வழியே கீழே சொட்டிவிடும்.

3. அடுப்பும் சோறும்

மைதானத்துப் புல்லைக் கருக்கினால் அடுத்த அனுமதி கிடைக்காது. பழைய தகரத்தில் நாலு விரல் மணல் பரப்பி, அதன் மேல் மூன்று செங்கல். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர்.

நம் ஊரில் தீ மூட்டத் தென்னை ஒன்றே போதும். முதலில் பன்னாடை, அதன் மேல் காய்ந்த ஓலைத்துண்டும் ஈர்க்கும், பிடித்ததும் சிரட்டை, கடைசியாக விறகு. பொச்சுமட்டை புகையும், ஆனால் நுளம்புக்கு நல்லது. காற்று வரும் பக்கம் ஒன்றைப் புகைய விடுங்கள். மண்ணெண்ணெய் கிட்டவும் வரக்கூடாது.

பானையை அடுப்பில் ஏற்றுமுன் வெளிப்பக்கம் முழுக்க ஈரச் சவர்க்காரத்தைப் பூசிவிடுங்கள். கரி அதில்தான் படியும், கழுவும்போது வழித்துக்கொண்டு வந்துவிடும். இதைச் சொல்லிக்கொடுத்த அன்று ஓர் அணி பானைக்கு உள்ளேயும் பூசிவைத்தது! அதனால் இப்போது நானே செய்து காட்டுகிறேன்.

ஆறு பேருக்கு ஒரு கிலோ அரிசி, கெட்டியாக ஒரு பருப்பு, தேங்காய்ச் சம்பல். முதல் இரவுக்கு இது போதும். பாணைப் பையில் கட்டிப் பத்திரமாக வையுங்கள். கொழும்புக் காகம் விடியற்காலையில் முடிச்சும் அவிழ்க்கும்.

4. திசை பார்ப்பது

நம் நாட்டில் சாரணியம் 1912-இல் மாத்தளையில் தொடங்கியது. பிறநாட்டுக் கையேடுகளில் இருக்கிற சில வழிகளை அப்படியே ஒப்பிக்கும் பழக்கம் மட்டும் நம்மை விடவில்லை. "நண்பகல் நிழல் வடக்கே விழும்" என்பது அதில் ஒன்று. கொழும்பு வட அகலாங்கு ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்து, அதன்பின் செப்டம்பர் தொடக்கம் வரை நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். கடிகார முள்ளை வைத்துத் திசை பார்க்கும் முறையும் இங்கே காலை வாரும்.

இங்கே ஒழுங்காக வேலை செய்வது நிழல் தடி:

சமதரையில் ஒரு மீற்றர் தடியை நேராக நடுங்கள். நிழலின் நுனியில் ஒரு கல். இருபது நிமிடம் பொறுத்து, நகர்ந்த நுனியில் இன்னொரு கல். இரண்டையும் இணைத்துக் கோடு கிழியுங்கள். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. முதல் கல் இடப்பக்கமும் இரண்டாவது வலப்பக்கமும் இருக்க நின்றால் முகம் வடக்கே. காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் நடுவே செய்தால் பிழை குறைவு. பிறகு கொம்பாஸை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரவில் துருவ நட்சத்திரத்தைத் தேட வேண்டாம். அது நம் அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான் நிற்கும். நீட்டிய கையின் ஒரு முட்டியை விடக் குறைவு. வெள்ளவத்தையில் எந்த மாடிக்கட்டிடமும் அதை மறைத்துவிடும். வேட்டைக்காரன் (ஓரியன்) விண்மீன் கூட்டத்தின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைக் காட்டுங்கள். அவை ஏறத்தாழ நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். ஜனவரி முன்னிரவில் நன்றாகத் தெரியும்.

5. இரவும் காலையும்

டெங்கு நுளம்பு கடிப்பது பகலில். அதனால் நுளம்பு மருந்தைக் காலையிலும் பின்னேரத்திலும் பூசுங்கள், நீளக் காற்சட்டை போடச் சொல்லுங்கள். ஒவ்வோர் அணிக்கும் இரண்டு டோர்ச். காவல் முறைக்கு இருவர் இருவராக, ஆளுக்கு ஒரு மணி நேரம். கூடவே ஒரு பெரியவர் விழித்திருக்க வேண்டும்.

காலையில் சாம்பலைத் தண்ணீர் ஊற்றிக் கையால் தொட்டுப் பார்த்து, சூடில்லை என்று தெரிந்தபிறகு அள்ளுங்கள். பிறகு எல்லோரும் ஒரே வரிசையில், கையெட்டும் தூரத்தில் நின்று, மைதானத்தைக் குறுக்கே நடந்து குப்பை பொறுக்கட்டும். தறப்பாளை ஈரத்தோடு மடித்துப் பெட்டியில் போட வேண்டாம், ஒரே வாரத்தில் பூஞ்சணம் பிடித்து மணக்கும். ஞாயிறு முழுக்க யாராவது ஒரு வீட்டு மொட்டை மாடியில் விரித்துக் காயவையுங்கள். யார் வீடு என்பதை முதலே பேசி முடித்துவிடுங்கள். காலையில் கேட்டால் எல்லோர் வீட்டிலும் விருந்தாளி வந்திருப்பார்கள்.