சக பத்திரிகையாளரைப் பற்றி எழுதும் முன்: ஒரு டெஸ்க் ஆசிரியரின் குறிப்பு

நான் செய்தி டெஸ்கில் வேலை பார்ப்பவள். பிறர் எழுதியதைத் திருத்துவதும், தலைப்பு வைப்பதும், சில நேரம் ஒரு பிரதியை நிறுத்தி வைப்பதும் என் வேலை. நம்மோடு இருக்கும் ஒருவரைப் பற்றி நம்மில் ஒருவர் எழுதிய பிரதி வந்தால், மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டுத்தான் உட்காருவேன். மன உளைச்சலுக்குச் சிகிச்சை பெறும் நிருபர், திடீரென வேலையைவிட்டு அனுப்பப்பட்டவர், அலுவலகத்திலேயே பாலியல் தொல்லைக்கு ஆளாகிப் புகார் கொடுத்தவர், இணையத்தில் கும்பலாக மிரட்டப்படுபவர். இவர்களைப் பற்றிப் பெரும்பாலும் அன்பில்தான் எழுதுகிறோம். அன்பில் எழுதும்போது கை சரளமாக ஓடும். வழக்கமாகச் சரிபார்க்கிற பழக்கமும் அப்போதுதான் நழுவும்.

எழுதி முடித்ததும் ஒன்று செய்யுங்கள். அவரைப் பற்றிய ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில், அது உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்று குறியுங்கள். பேட்டியில் சொன்னாரா? நள்ளிரவில் போனில் அழுதுகொண்டே சொன்னாரா? பக்கத்து மேசை என்பதால் நீங்களே பார்த்ததா? வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டதா? எழுதப் போகிறீர்கள் என்று தெரிந்து அவர் சொன்னவை மட்டும் நிற்கட்டும். மற்றதை அடித்துவிடுங்கள், அது முழு உண்மையாகவே இருந்தாலும்.

ஒருமுறை ஓர் இளம் நிருபர், தன் மூத்த சகாவைப் பாராட்டி ஒரு கட்டுரை கொண்டுவந்தார். நல்ல எழுத்து. நடுவில் ஒரு பத்தியில் அந்த மூத்தவர் சாப்பிடும் மாத்திரையின் பெயர் இருந்தது. "இது எப்படித் தெரியும்?" என்றேன்.

"அவரேதான் சொன்னாருக்கா."

"உன்னை நிருபர்னு நினைச்சுச் சொன்னாரா, தம்பின்னு நினைச்சுச் சொன்னாரா?"

அவர் பதில் சொல்லவில்லை. பிரதியை வாங்கிக்கொண்டு போய் அந்தப் பத்தியை எடுத்துவிட்டு வந்தார். கட்டுரைக்கு ஒரு குறையும் வரவில்லை. மூத்தவரின் வேலையைப் பற்றித்தானே அது.

பன்னாட்டுப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு 2019-ல் துனிஸ் நகரில் ஏற்றுக்கொண்ட அறநெறிச் சாசனத்தில் இரண்டு இடங்கள் இதற்கு நேராகப் பொருந்தும். பேசியது வெளியாகுமா என்பதைப் பேட்டி கொடுப்பவரிடம் தெரிவிக்க வேண்டும், அனுபவமில்லாதவர்களிடமும் எளிதில் காயப்படும் நிலையில் இருப்பவர்களிடமும் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்பது ஒன்று. சகாக்களோடு தோழமை காட்ட வேண்டும், ஆனால் விசாரிக்கிற, விமர்சிக்கிற உரிமையை அதற்காக விட்டுவிடக் கூடாது என்பது இன்னொன்று. பலர் தங்களுக்குத் தோதான ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

அப்புறம் சம்மதம். இதில்தான் அதிகம் சறுக்குகிறோம். "அவருக்குத் தெரியாததா, அவரும் பத்திரிகைக்காரர்தானே" என்று சொல்லிவிடுகிறோம். பிறர் கதையை எழுதத் தெரிந்தவருக்குத் தன் கதை வெளியானால் என்ன ஆகும் என்று, அதுவும் தூக்கமில்லாத ஒரு வாரத்தில், கணக்குப் போட முடியாது. உங்களிடம் மறுத்துச் சொல்வதும் அவருக்குச் சிரமம். அவருடைய ஷிப்டையோ விடுப்பையோ முடிவு செய்கிற இடத்தில் நீங்கள் இருந்தால் நீங்கள் கேட்கவே கூடாது. வேறொருவர் கேட்கட்டும்.

எங்கே வெளியாகும், பெயர் வருமா, படம் வருமா, உடல்நிலை பற்றி எவ்வளவு வரும் என்பதை எழுத்தில் கொடுங்கள். உடனே பதில் கேட்காதீர்கள். சில நாள் கழித்து, பகல் நேரத்தில், அவர் கொஞ்சம் தெளிவாக இருக்கும்போது மறுபடி கேளுங்கள். பிறகு அவரைப் பற்றிய பத்திகளைப் போனில் வாசித்துக் காட்டுங்கள். செய்தி கொடுத்தவரிடம் பிரதியைக் காட்டுவதில்லை என்பது நம் வழக்கம், தெரியும். இந்த ஓர் இடத்தில் அந்த வழக்கத்தை மீறச் சொல்கிறேன். தன் உடம்பையும் மனதையும் பற்றிய வரிகளில் கடைசி வார்த்தை அவருடையது. அச்சுக்குப் போகும் நேரத்தில் "வேண்டாம்" என்றாலும் எடுத்துவிட வேண்டும். ஏன் என்று கேட்டு அவரைக் குடையக் கூடாது. அவர் போனை எடுக்கவில்லை என்றால் அதுவும் மறுப்புதான். அவரால் பேச முடிகிறவரை, குடும்பத்தினர் சொன்ன சரி அவருடைய சரி ஆகாது.

பெயரை மாற்றிவிட்டோம் என்று நிம்மதி அடைய வேண்டாம். நம் உலகம் சின்னது. வெள்ளப் படத்துக்காக விருது வாங்கி, சமீபத்தில் நீண்ட விடுப்பில் போன புகைப்படக்காரர் என்று எழுதினால் பெயரே தேவையில்லை. எந்தத் துறைச் செய்தி, எந்த வருடம், எந்த அலுவலகம் என்பதெல்லாம் ஒன்றுசேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும். உங்கள் வரியிலுள்ள விவரங்களைத் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே அவர் வந்தால் பெயர் மாற்றத்துக்கு அர்த்தமில்லை. நாளைக்கு அவருக்கு வேலை கொடுக்க நினைப்பவரும் இதே போலத்தான் தேடுவார். ஃப்ரீலான்ஸாக எழுதுபவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் கவலை. அவர்களுக்கு ஒரு வாய்ப்பு நின்றுபோனால் அது ஏன் நின்றது என்றுகூடத் தெரியாது.

சிகிச்சைக்கு நிதி கேட்டு எழுதுகிறீர்களா? எவ்வளவு தேவை, எங்கே அனுப்புவது, கணக்கை யார் பார்க்கிறார்கள் என்று இருந்தால் போதும். படுக்கையில் எடுத்த படம் வேண்டாம்.

சகா ஒருவர் தற்கொலை செய்துகொண்டால், எல்லாத் தற்கொலைச் செய்திகளுக்கும் உள்ள விதிகள் நம் அஞ்சலிக் குறிப்புக்கும் உண்டு. வியன்னாவில் மெட்ரோ ரயில் தற்கொலைகளைப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதிவந்தன. 1987-ல் அங்கே ஊடகங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்து, எழுதும் முறை மாறியதும், அந்த வருடத்தின் முதல் பாதியைவிட இரண்டாம் பாதியில் அத்தகைய தற்கொலைகளும் தற்கொலை முயற்சிகளும் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. உலக சுகாதார நிறுவனமும் 2000-லிருந்து ஊடகத்தினருக்கான கையேட்டைப் புதுப்பித்து வருகிறது. கடைசியாக வந்தது 2023-ல். முறையை விவரிக்காதே, கடிதத்தை வெளியிடாதே, ஒற்றைக் காரணம் சொல்லாதே, உதவி கிடைக்கும் இடத்தைக் குறிப்பிடு என்கிறது அது. இத்தகைய செய்தியை எழுதுகிறவரே அதனால் பாதிக்கப்படலாம் என்றும் சொல்கிறது.

ஒற்றைக் காரணம் என்றால் என்ன என்பதற்குத் தென்னாப்பிரிக்கப் புகைப்படக்காரர் கெவின் கார்ட்டரைப் பாருங்கள். 1993-ல் சூடானில், பசியில் சுருண்ட குழந்தையையும் பின்னால் நின்ற பிணந்தின்னிக் கழுகையும் படமெடுத்தவர். 1994-ல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதே வருடம் ஜூலையில், 33 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் படத்தின் குற்ற உணர்ச்சிதான் அவரைக் கொன்றது என்று இன்றும் எழுதுகிறார்கள். அவருக்குப் பணக் கஷ்டம் இருந்தது. அந்த ஏப்ரலில்தான் நெருங்கிய நண்பரான புகைப்படக்காரர் கென் ஊஸ்டர்ப்ரோக் துப்பாக்கிச் சூட்டில் இறந்திருந்தார். தென்னாப்பிரிக்காவில் கண்ணெதிரே நடந்த கொலைகளை வருடக்கணக்காகப் படமெடுத்த பாரமும் இருந்தது. இத்தனையையும் ஒரு படத்துக்குள் சுருக்கியதில் அவர் ஒரு நீதிக்கதை ஆகிவிட்டார். சகா ஒருவரின் மரணத்தை இப்படிச் சுருக்க எனக்கு மனம் வராது. உங்களுக்கும் வரக் கூடாது.

சகா தவறு செய்திருந்தால்? பேட்டியை இட்டுக்கட்டியிருக்கலாம், கீழே வேலை செய்பவர்களைத் துன்புறுத்தியிருக்கலாம். உடல்நிலையைக் காரணம் காட்டி அதை மூடி மறைப்பது வாசகருக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் துரோகம். எழுதத்தான் வேண்டும். ஆனால் அவரோடு நெருங்கிப் பழகிய நீங்கள் எழுத வேண்டாம். அவரிடம் மனக்கசப்பு உள்ளவரும் எழுத வேண்டாம். அவர் செய்ததற்கு ஆதாரம் தேடுங்கள், பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள், அவர் சிகிச்சையில் இருந்தால் அவர் சார்பில் பேச ஒருவரை நியமிக்கச் சொல்லுங்கள். நோயைக் குற்றத்தின் விளக்கமாக வைக்காதீர்கள். அதே நோயோடு ஒழுங்காக வேலை செய்யும் எத்தனையோ பேரின் தலையில் அந்தப் பழி விழும்.

தலைப்பு, படம், பகிரும்போது வரும் ஒருவரிக் குறிப்பு மூன்றையும் எழுதியவரே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பிரதியில் கவனமாகத் தவிர்த்த வார்த்தை அங்கேதான் திரும்பி நுழையும்.

வெளியாகும் நேரத்தை அவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அன்று அவர் தனியாக இல்லாதபடி யாராவது உடனிருக்க முடியுமா என்றும் கேளுங்கள். பின்னால் நீக்கச் சொன்னால் யார் முடிவு செய்வார்கள் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, அதை அவருக்கும் எழுத்தில் கொடுங்கள். முழுக் கட்டுரையையும் எடுக்க முடியாது என்றால் பெயரையும் படத்தையும் மட்டுமாவது எடுக்க முடியுமா, தேடுபொறியில் வராமல் செய்ய முடியுமா என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள்.