பயிற்சி வகுப்பு ஆடியோவை எழுத்தாக்கும் முன் ஒரு வேலை

ஆன்லைன் பயிற்சி வகுப்பின் குரல்பதிவை விஸ்பர் (பேச்சை எழுத்தாக மாற்றும் ஓப்பன்ஏஐ மென்பொருள்) வைத்து எழுத்தாக்குகிறீர்களா? ஓடவிடும் முன், அந்தப் பாடத்தில் வரும் கலைச்சொற்களையும் சுருக்கங்களையும் ஒரு சிறு பத்தியாக எழுதி ‘இனிஷியல் பிராம்ப்ட்’ பகுதியில் கொடுத்துவிடுங்கள். ஜிஎஸ்டி வகுப்பு என்றால், “இந்தப் பாடம் ஜிஎஸ்டிஆர்-3பி, இன்புட் டாக்ஸ் கிரெடிட், ஆர்சிஎம் பற்றியது” என்கிற மாதிரி, பதிவு எந்த மொழியோ அதே மொழியில். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு ‘ஜிஎஸ்டிஆர்’ஆகத் திருத்தும் வேலை பெருமளவு குறையும்.

விஸ்பர் இந்தப் பத்தியை, ஆடியோவில் ஏற்கெனவே பேசி முடித்த பேச்சாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் சந்தேகமான ஒலி வந்தால் அதில் உள்ள எழுத்துக்கூட்டல் பக்கமே சாயும். ஆனால் 224 டோக்கன் (உரையை விஸ்பர் வெட்டிப் பார்க்கும் சிறு துண்டு) வரைதான் கணக்கு. நீளமாகக் கொடுத்தால் முன்பகுதி விடுபட்டு, கடைசிப் பகுதி மட்டுமே நிற்கும். தமிழ் எழுத்து டோக்கனை வேகமாகத் தின்னும் என்பதால் தமிழ்ப் பதிவுக்கு முக்கியமான சொற்கள் மட்டும் போதும். பதிவு ஓட ஓட இந்தப் பத்தியின் பிடி தளர்ந்துவிடும். ஒரு மணி நேர வீடியோவைப் பாடவாரியாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கொடுப்பதே நல்லது.

இரைச்சலான பதிவுக்கு இது கைகொடுக்காது. நீண்ட மௌனம் இருக்கும் இடத்தில் பேசாத வாக்கியமும் முளைக்கலாம், அங்கே கேட்டுச் சரிபார்த்தே ஆகவேண்டும். பவர்பாயின்ட்டில் செய்த வகுப்பு என்றால் முதலில் நோட்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள்: பேசியவர் படித்த உரை முழுசாக அங்கேயே இருந்தால் விஸ்பரே வேண்டாம்.