பாய்லர் வேலை பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணிப்பேட்டை சிப்காட்டிலோ, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் பதனிடும் டேனரிகளிலோ பாய்லர் ரூமுக்குப் புதிதாக வரும் பையன் முதல் நாள் தொடுவது விறகைத்தான். கதவைத் திற, கட்டையைத் தள்ளு, பிரஷர் இறங்காமல் பார்த்துக்கொள். ஆறு மாதத்தில் தீ போடுவதில் கெட்டிக்காரனாகிவிடுவான். தண்ணீரைப் பற்றி அதுவரை யாரும் அவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். இந்தத் தொழிலில் நான் பார்த்த பெரிய தவறுகளில் முக்கால்வாசி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அதற்கு முன்னால், எந்த மெஷினில் பழகுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரும் தீ எரிக்கிற மெஷின்தான், ஆனால் அதில் சூடாவது எண்ணெய்; நீராவி கிடையாது. 25 லிட்டருக்கும் குறைந்த கொள்ளளவுள்ள சிறு காயில் (சுருள் குழாய்) பாய்லர்கள் சட்டத்தின் வரையறைக்குள்ளேயே வருவதில்லை. இவற்றில் வருஷக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு, செகண்ட் கிளாஸ் பாய்லர் அட்டெண்டன்ட் பரீட்சைக்கு மனுப்போடும்போது சர்வீஸ் சர்ட்டிபிகேட்டில் எழுதப் பதிவு எண் இல்லாமல் முழிப்பவர்கள் உண்டு. பாய்லரின் பதிவு எண், ஹீட்டிங் சர்ஃபேஸ் (சூடு ஏறும் பரப்பளவு), வொர்க்கிங் பிரஷர் எல்லாம் அந்தத் தாளில் வேண்டும். வேலையில் சேர்ந்த வாரமே அவற்றைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கம்பெனியை விட்டு வந்த பிறகு போய்க் கேட்டால் மேனேஜர் ஆயிரம் சாக்குச் சொல்வார்.

ராணிப்பேட்டை பெல் (பி.எச்.இ.எல்.) ஆலையைப் பற்றியும் நம் பக்கம் ஒரு குழப்பம் இருக்கிறது. அங்கே தயாராவது பாய்லரின் துணைக் கருவிகள்: ஃபேன், காற்றை முன்கூட்டியே சூடாக்கும் ஏர் ப்ரீஹீட்டர், புகையிலிருந்து சாம்பலைப் பிடிக்கும் எலக்ட்ரோஸ்டாடிக் பிரெசிபிடேட்டர். அங்கே ஃபிட்டர் அப்ரண்டிஸ் முடித்தது நல்ல தகுதிதான். ஆனால் கருவி செய்யத் தெரிவது வேறு, நீராவி ஏறிய பாய்லரை ஷிஃப்ட் முழுக்க ஓட்டுவது வேறு. பின்னதற்கான சான்றிதழை மாநில அரசின் பாய்லர் துறை பரீட்சை வைத்துத்தான் தருகிறது. "பணம் கட்டு, மூணு மாசத்துல லைசென்ஸ்" என்று பஸ் ஸ்டாண்டு நோட்டீஸில் கூப்பிடுகிறவர்களால் தர முடியாது.

இனி தண்ணீர். பாலாற்றங்கரை போர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. டேனரிக் கழிவால் உப்பேறிய நிலத்தடி நீர் அது. பழகுகிறவர்கள் நினைப்பது: "அதான் சாஃப்ட்னர் இருக்கே." சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடுகிறது. ஹார்ட்னஸ் (கடினத்தன்மை) போகும், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் மொத்த அளவு) அப்படியே இருக்கும். அந்தத் தண்ணீர் நீராவியாகப் போகப் போக உப்பெல்லாம் பாய்லருக்குள்ளேயே தங்கிக் கெட்டியாகும். கடைசியில் தண்ணீர் நுரைத்து, நீராவியோடு சேர்ந்து லைனில் ஏறும். அதைத் தடுக்கத்தான் புளோ டவுன்: உப்பேறிய தண்ணீரில் கொஞ்சத்தை பாய்லரிலிருந்து வெளியே விடுவது. விறகு வீணாகிறது என்று புளோ டவுனைக் குறைக்கச் சொல்லும் சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள். சாதாரண ஷெல் பாய்லரில் (பெரிய உருளைக்குள் தண்ணீர் நிற்கிற வகை) டி.டி.எஸ். 3500 பி.பி.எம்.மைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரம்பு. மீட்டரைக் காட்டிப் பேசினால் அவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

சாஃப்ட்னருக்கு உப்புப் போட்டு ரீஜெனரேஷன் செய்ததும் (மறுபடி வேலைக்குத் தயாராக்கியதும்) வேலை முடிந்தது என்று போய்விடுவதும் தவறு. சாம்பிள் எடுத்து இண்டிகேட்டர் விட்டுப் பாருங்கள்: சிவப்பு வந்தால் ஹார்ட்னஸ் இருக்கிறது, நீலம் வந்தால் இல்லை. இந்த இரண்டு நிமிஷத்தைச் சோம்பலில் விட்டால் டியூபில் செதில் படியும். தீயின் சூடு தண்ணீருக்குப் போகாமல் புகைபோக்கி வழியே போகும். அதே லோடில் ஸ்டாக் டெம்பரேச்சர் (புகைபோக்கியில் போகும் புகையின் சூடு) வாரத்துக்கு வாரம் ஏறுகிறதென்றால் உள்ளே செதிலோ புகைப்பக்கம் கரியோ சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அது சுமார் 20 டிகிரி கூடினால் எரிபொருளில் ஒரு சதவீதம் போச்சு.

பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸ் விஷயத்தில் நடக்கும் தவறு இன்னும் மோசம். மேல்விஷாரம் பக்கம் ஒரு பாய்லர் ரூமில், கிளாஸ் விளிம்பு வரை நிறைந்திருந்ததைக் காட்டி "தண்ணி ஃபுல்லா இருக்குண்ணே" என்றான் ஒரு தம்பி. முகத்தில் அத்தனை நிம்மதி. கிளாஸின் அடியில் உள்ள வடிகால் குழாயான ட்ரெயினைத் திறந்து, மேலே நீராவி வரும் வால்வை மூடச் சொன்னேன். தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாக வந்தது. தண்ணீர் வரும் கீழ் வழி சேற்றால் அடைத்திருக்கிறது. மேலே வரும் நீராவி குளிர்ந்து, கிளாஸுக்குள்ளேயே தண்ணீராகி நிறைந்திருக்கிறது. பாய்லருக்குள் எவ்வளவு இருக்கிறதென்று அந்தக் கண்ணாடிக்குத் தெரியாது. நல்ல வேளை, இரண்டாவது கிளாஸ் சரியாக இருந்தது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் தண்ணீர் வழியைத் தனியாக, நீராவி வழியைத் தனியாக ஊதிப் பார்க்க வேண்டும். ட்ரெயினை மூடி இரண்டையும் திறந்ததும் தண்ணீர் சட்டென்று எழும்பி, லேசாக ஆடிக்கொண்டு நிற்க வேண்டும். மந்தமாக ஏறினால் சந்தேகப்படுங்கள். கிளாஸுக்கு நேராக முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

கிளாஸில் தண்ணீரே தெரியவில்லை என்று வையுங்கள். பதறிப்போய் ஃபீட் பம்பைப் போடத்தான் கை ஓடும். ஆளைக் கொல்லும் தவறு இது. டியூப் தண்ணீரில்லாமல் காய்ந்து சிவந்திருந்தால், அதில் விழும் தண்ணீர் அந்த நொடியே நீராவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறக்குறைய 1600 லிட்டர் நீராவி. முதலில் தீயை அடக்குங்கள். ஃபேன்களை நிறுத்துங்கள். விறகு பாய்லரானால் நெருப்பைக் கிளறாதீர்கள். கிளறினால் ஒரு கணம் இன்னும் சூடாகும். ஈரச் சாம்பலைப் போட்டு மூடுங்கள். சேஃப்டி வால்வைத் தூக்கிப் பிரஷரை இறக்கவும் வேண்டாம். பிறகு பெரியவர்களைக் கூப்பிடுங்கள். தானாக ஆறி, இன்ஸ்பெக்ஷன் ஆகும்வரை யாரும் அதில் தண்ணீர் விடக்கூடாது.

டீசல், ஃபர்னஸ் ஆயில் பர்னர் உள்ள இடங்களில் ரீசெட் பட்டன்தான் எமன். தீ பிடிக்கவில்லையா, அமுக்கு; மறுபடி அமுக்கு. ஒவ்வொரு தடவையும் எரியாத எண்ணெய் உள்ளே போய்ச் சேரும், ஒருநாள் எல்லாம் சேர்ந்து பற்றும். ஃபேனை ஓட்டி உள்ளே இருப்பதை வெளியே தள்ளி, ஏன் பிடிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் அடுத்த முயற்சி.

காலையில் தோலுக்குச் சாயம் போடும் டையிங் டிரம்முக்கு வெந்நீர் வேண்டும், தோலைக் காயவைக்கும் வேக்குவம் டிரையர்காரர் கத்துகிறார் என்று மெயின் ஸ்டீம் வால்வை ஒரேயடியாகத் திறக்காதீர்கள். ராத்திரி முழுக்க ஆறிய பைப்பில் தண்ணீர் நிற்கும். நீராவி அதைத் தள்ளிக்கொண்டு போய் வளைவில் மோதும். அந்தச் சத்தம் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பைப்பின் ட்ரெயினைத் திறந்துவிட்டு, வால்வை ஒரு கால் சுற்று கொடுத்துக் காத்திருங்கள். டிரையர்காரர் பத்து நிமிஷம் கத்தட்டும்.

பிரஷர் அலகுகளைக் குழப்பிக்கொள்வது சின்னத் தவறுபோலத் தெரியும். சர்ட்டிபிகேட்டில் 10.54 என்று ஏன் இப்படிச் சில்லறையாக இருக்கிறது என்று ஒரு பையனும் கேட்பதில்லை. சதுர செ.மீ.க்கு 10.54 கிலோ என்பது பழைய 150 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 150 பவுண்டு). அந்தப் பிரஷரில் உள்ளே தண்ணீர் சுமார் 185 டிகிரியில் இருக்கும். அவ்வளவு சூடான தண்ணீர் உள்ளே அடைபட்டிருக்கிறது என்ற இந்த ஒன்று மனதில் பதிந்தால், ஊதுகிற சேஃப்டி வால்வின் ஸ்பிரிங்கை முறுக்கிவிடத் தோன்றாது.

பரீட்சைக்குப் பழைய ஜெராக்ஸ் நோட்ஸை நம்பாதீர்கள். 1923-ஆம் வருஷத்துச் சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய பாய்லர்கள் சட்டம் வந்துவிட்டது. நேர்முகத்தில் மவுண்டிங் (பாதுகாப்புக்காக பாய்லரிலேயே பொருத்தும் கருவி) எது, அக்சஸரி (துணைக் கருவி) எது என்பதோடு விடமாட்டார்கள்; "ஃபீட் பம்ப் நின்றுவிட்டது, என்ன செய்வாய்?" என்று கேட்பார்கள். ஒரே பாய்லரைப் பார்த்தவனுக்கு இங்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆரணியில் சொந்தக்காரர் யாராவது நெல் அவிக்கும் மில்லில் இருந்தால் உமி பாய்லரைப் போய்ப் பாருங்கள். சர்க்கரை ஆலையில் ஆள் தெரிந்தால், அரவை நடக்கும்போது கரும்புச் சக்கையில் ஓடும் வாட்டர் டியூப் (குழாய்க்குள் தண்ணீர் போகும்) பாய்லரையும் பார்த்துவிடுங்கள்.

கனடா கனவில் இருப்பவர்களுக்கு ஒன்று. அங்கே பெரும்பாலான மாகாணங்களில் பாய்லரும் ஹீட்டிங் பிளாண்டும் ஓட்டுகிறவருக்குப் பவர் இன்ஜினியர் என்று பெயர். பெரும்பாலானவர்கள் நான்காம் கிளாஸில் தொடங்கி முதல் கிளாஸ் வரை ஏறுகிறார்கள். நான்காம் கிளாஸுக்கே இரண்டு தாள். நம் ஊர்ச் சான்றிதழை அப்படியே மாற்றித் தருவதாக ஏஜென்ட் சொன்னால் பணம் கட்டாதீர்கள். எந்த மாகாணத்துக்குப் போகிறீர்களோ, அந்த மாகாணத்தின் பாதுகாப்பு அமைப்பு என்ன கேட்கிறதென்று நேரடியாகப் பாருங்கள். பதிவு எண்ணோடு கூடிய சர்வீஸ் சர்ட்டிபிகேட்டும், உங்கள் கையெழுத்தில் உள்ள லாக் புக் பக்கங்களின் நகலும் கையில் இருக்கட்டும்.