ஃபோர்ஸ் ஃபீட்பேக் ஸ்டீயரிங் அமைப்புகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் பந்தய கேம்களுக்கான ஸ்டீயரிங் வீலைக் கணினியில் இணைத்தவுடன் பலரும் செய்யும் முதல் வேலை, காரின் விசைகளை மோட்டார் மூலம் கைக்குக் கொடுக்கும் ஃபோர்ஸ் ஃபீட்பேக்கின் கெய்னை, அதாவது விசையின் அளவை, உச்சத்துக்கு ஏற்றிவைப்பதுதான். கை கடுக்க ஓட்டினால்தான் நிஜக் காரை ஓட்டிய உணர்வு கிடைக்கும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். ஆனால் எல்லாப் பந்தயக் கார்களின் ஸ்டீயரிங்கும் கனமானதல்ல. சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட ஜிடி3 பந்தயக் கார்களில் பவர் ஸ்டீயரிங் உண்டு. அது இல்லாத, அமெரிக்கப் பந்தயக் காரான இண்டிகாரிலோ ஓட்டுநரின் தோளும் முன்கையும் படாதபாடு படுகின்றன. கனம் காருக்குக் கார் மாறும். ஓட்டுபவருக்கு உண்மையில் தேவைப்படுவது, அந்தக் கனம் எந்தக் கணத்தில் ஏறுகிறது, எந்தக் கணத்தில் இறங்குகிறது என்ற செய்தி. கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்தச் செய்தியை ஏதோ ஒரு வழியில் அழித்துவிடுபவை.

அந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்றவை எளிதில் புரியும். கார் திரும்பும்போது முன் டயரில் உருவாகும் பக்கவாட்டு விசை, சக்கரம் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால் செயல்படுகிறது. இந்த இடைவெளியின் ஒரு பகுதி அந்த அச்சின் சாய்வான காஸ்டர் கோணத்தால் வருவது. இன்னொரு பகுதி டயரின் நெளிவால் வருவது. இதனால் சக்கரம் எப்போதும் தன்னை நேராக்கிக்கொள்ள முயல்கிறது. அந்த முயற்சியைத்தான் கை கனமாக உணர்கிறது. சக்கரம் நோக்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையிலான கோணமான ஸ்லிப் ஆங்கிள் கூடக்கூட இந்த முறுக்கு விசை ஏறுகிறது. ஆனால் டயரின் பிடி உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னதாகவே அது குறையத் தொடங்கிவிடுகிறது. வளைவின் நடுவில் ஸ்டீயரிங் லேசாவதை உணர்ந்த ஓட்டுநர், முன் டயர்கள் வழுக்கப்போகின்றன என்பதை அவை வழுக்குவதற்கு முன்பே அறிந்துகொள்கிறார்.

கெய்னை அளவுக்கு மீறி ஏற்றும்போது முதலில் பறிபோவது இந்த எச்சரிக்கைதான். 5 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு) தரக்கூடிய ஒரு வீலை எடுத்துக்கொள்வோம். நீண்ட வளைவில் கேம் கணக்கிடும் விசை 4-லிருந்து 6-க்கு ஏறி, பிடி தளரும்போது 5.2-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், மோட்டார் 5-ஐத் தொட்ட இடத்திலேயே நின்றுவிடும். ஏறியதும் இறங்கியதும் கைக்கு வந்து சேராது. வளைவு முழுவதும் ஒரே கனம் மட்டுமே மிஞ்சும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். வளைவின் நடுவில் ஏறிப்போகும் கெர்பின் (தடத்தின் மேடான விளிம்பு) அதிர்வும் அதிலேயே அமிழ்ந்துபோகும். சக்திக்கு மீறிச் சத்தம் வைத்த ஒலிபெருக்கியில் பாட்டின் நுணுக்கங்கள் கரகரப்பில் காணாமல் போவதும் இதே வகையான இழப்புதான். 2.2 நியூட்டன் மீட்டர் அளவே தரும் லாஜிடெக் ஜி29 போன்ற வீல்களில் இது மிக எளிதில் நேரும்.

கிளிப்பிங்கைக் கண்ணால் பார்த்தே கண்டறியலாம். அசெட்டோ கோர்சா என்ற பந்தய கேமில் பெடல் அளவுகளைக் காட்டும் சிறு பலகையில் ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்கும் ஒரு பட்டை உண்டு. எல்லையைத் தொட்டால் அது சிவப்பாகும். இன்னொரு கேமான ஐரேசிங்கில் சில சுற்றுகள் ஓட்டிய பிறகு, அந்தக் காருக்கும் தடத்துக்கும் ஏற்ற அளவை மென்பொருளே கணித்து அமைக்கும் ஆட்டோ பொத்தான் இருக்கிறது. பட்டை ஒருமுறைகூடச் சிவக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பதும் ஒரு தவறுதான் என்பது என் கருத்து. கெர்பில் மோதும்போதோ, ஸ்பா-ஃபிராங்கோர்ஷாம் தடத்தின் ஓ ரூஜ் பள்ளத்தில் கார் அமுங்கும்போதோ கணநேரம் சிவப்பானால் நட்டமில்லை. அதையும் தவிர்க்கக் கெய்னைக் குறைத்துக்கொண்டே போனால், சிறிய வீலில் மற்ற வளைவுகளெல்லாம் உயிரற்றுப் போகும். அதே தடத்தின் பூஹோன் போன்ற நீண்ட, வேகமான வளைவில் பட்டை தொடர்ந்து சிவப்பாகவே இருந்தால்தான் குறைக்க வேண்டும்.

எங்கே குறைப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. கெய்ன் இரண்டு இடங்களில் இருக்கிறது: கேமில் ஒன்று, வீலைக் கணினியில் இயக்கும் டிரைவர் மென்பொருளில் ஒன்று. கேமிலேயே வெட்டுப்பட்டு வரும் சிக்னலை டிரைவரில் குறைத்தால், வெட்டுப்பட்ட சிக்னலே சற்று வலுக்குறைந்து கைக்கு வருமே ஒழிய, இழந்த நுணுக்கம் திரும்பாது. கிளிப்பிங்குக்கு மருந்து கேமின் கெய்ன். வீல் ஒட்டுமொத்தமாகக் கைக்கு மீறிய பலத்துடன் இருக்கிறது என்றால்தான் டிரைவரில் குறைக்க வேண்டும். 15, 20 நியூட்டன் மீட்டர் தரும் டைரக்ட் டிரைவ் (மோட்டாரின் அச்சிலேயே நேராகப் பொருத்தப்பட்ட) வீல் வைத்திருப்பவர்களுக்கே இது பெரும்பாலும் தேவைப்படும். சிறிய வீல்களில் டிரைவரை 100 சதவீதத்தில் வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கேமுக்குள் சரிசெய்வது நல்லது.

மினிமம் ஃபோர்ஸ் என்ற அமைப்பு, கியரிலும் பெல்ட்டிலும் இயங்கும் வீல்களுக்காக வந்தது. அவற்றின் உள் உராய்வை வெல்ல முடியாத சிறு விசைகள் கையை எட்டுவதில்லை. அதனால் ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது நடுவில் ஒரு வெறுமை தெரியும். அந்தச் சிறு விசைகளை உராய்வின் அளவுக்கு மேலே தூக்கிவிடுவதுதான் மினிமம் ஃபோர்ஸின் வேலை. நேர்ச்சாலையில் மெதுவாக ஓட்டியபடி, கையைத் தளர்த்தி, ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். ஸ்டீயரிங் தானாக இடமும் வலமும் துடிக்கத் தொடங்கும் புள்ளி ஒன்று வரும். அதிலிருந்து ஓரிரு படி இறக்கினால் போதும். உராய்வு மிகக் குறைவான டைரக்ட் டிரைவ் வீலில் இதைச் சுழியத்தில் விட வேண்டும். பழைய வீலின் அமைப்புகளை அப்படியே புதிய வீலுக்குக் கொண்டுவருபவர்கள் தடுமாறும் இடம் இது.

ஸ்டீயரிங்கின் சுழற்சியைத் தடுத்து மெதுவாக்கும் டேம்பிங்கின் சேதி இதற்கு நேர்மாறானது. ஏற்றிவைத்தால் ஸ்டீயரிங் எண்ணெயில் சுழல்வது போல் வழுவழுப்பாகிவிடும், தரமான பொருளைத் தொட்ட உணர்வும் வரும். அதனாலேயே பலர் ஏமாறுகிறார்கள். காரின் பின்பக்கம் வழுக்கும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். முன் சக்கரங்கள் கார் உண்மையில் நகரும் திசையை நோக்கித் தாமாகவே திரும்ப முயல்கின்றன. ஸ்டீயரிங்கும் எதிர்ப்பக்கமாக விர்ரென்று சுழல விழைகிறது. பிடியைத் தளர்த்தி அதன் போக்கில் விட்டாலே எதிர்த்திருப்பலின் பெரும்பகுதி முடிந்துவிடும். டேம்பிங் கூடுதலாக இருந்தால் இந்தச் சுழற்சி இழுபட்டுத் தாமதமாகிறது, கார் சுற்றிவிடுகிறது, பழி டயரின் மேல் விழுகிறது. டைரக்ட் டிரைவ் வீல்கள் நேர்ச்சாலையில் கையை எடுத்தால் தறிகெட்டு ஆடுவதுண்டு. சிக்னல் வந்துசேரும் தாமதமும் மோட்டாரின் வேகமும் சேர்ந்து உண்டாக்கும் விளைவு அது, பழுதல்ல. கை வைத்தவுடன் ஆட்டம் அடங்கினால் விட்டுவிடலாம். அடங்காவிட்டால் அடங்கும் அளவுக்கு மட்டும் டேம்பிங் சேர்க்கலாம். நடுநோக்கி இழுக்கும் சென்டரிங் ஸ்பிரிங்கை மட்டும் தயங்காமல் அணைத்துவிட வேண்டும். டயருக்குத் தொடர்பே இல்லாத விசை அது.

சாலை அதிர்வு, கெர்ப், டயர் வழுக்கல் ஆகியவற்றுக்கெனத் தனித்தனியாகச் சேர்க்கப்படும் எஃபெக்ட்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அவற்றில் பல, ஸ்டீயரிங் அமைப்பின் இயற்பியலிலிருந்து வராமல் மேலே தூவப்பட்டவை. சிறிது வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம். ஆனால் அவையும் மோட்டாரின் அதே வரம்புக்குள்தான் இடம் தேட வேண்டும்.

சுழற்சிக் கோணத்தில் நேரும் பிழை சத்தமில்லாதது. ஜி29 மொத்தம் 900 டிகிரியும் த்ரஸ்ட்மாஸ்டர் டி300 மொத்தம் 1080 டிகிரியும் சுழலும். டிரைவரில் உள்ள எண்ணும் கேமில் உள்ள எண்ணும் பொருந்தாவிட்டால், திரையில் உள்ள ஸ்டீயரிங் ஒரு கோணத்திலும் கை வேறு கோணத்திலும் நிற்கும். கால் சுற்றுத் திருப்பி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். கார் திரும்பவே மாட்டேன் என்கிறது என்று சஸ்பென்ஷனைக் குடைவதற்கு முன் இதைப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். கை திருப்பும் அளவுக்கும் காரின் சக்கரம் திரும்பும் அளவுக்கும் உள்ள விகிதத்தை மாற்றும், காமா, லீனியாரிட்டி என்ற பெயரில் வரும் வளைகோடுகளையும் நேர்கோட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மேசை ஆடினால் எந்த அமைப்பும் உதவாது. கிளாம்பு தளர்ந்திருந்தாலோ பலகை நெளிந்தாலோ, நுண்ணிய அதிர்வுகளைக் கைக்கு வரும் முன்பே மேசை விழுங்கிவிடும். நீண்ட நேரம் ஓட்டியபின் விசை தேய்வதாகத் தோன்றினால், மோட்டார் சூடாகித் தன்னைக் காத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். கெய்னை ஏற்றினால் சூடுதான் கூடும். வீலுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்த பிறகு பழைய எண்கள் அப்படியே இருக்கின்றனவா என்றும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

வேகமாக ஓட்டும் ஒருவரின் எண்களை அப்படியே நகலெடுப்பதில் பயன் குறைவு. அவருடைய வீலின் பலம், விட்டம், கார் எல்லாமே வேறு. அதைத் தொடக்கப்புள்ளியாக வைத்துக்கொண்டு, நன்கு பழகிய ஒரே காரில், ஒரே தடத்தில், ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். நான்கை ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிரித்தறிய வழியில்லை. காருக்குக் கார் கெய்னைத் தனியாகச் சேமிக்கும் வசதி பல கேம்களில் உண்டு; பவர் ஸ்டீயரிங் இல்லாத காருக்கு மாறும்போது அதைத் தொட மறக்காதீர்கள்.

டைரக்ட் டிரைவ் வீலைப் புதிதாக அமைப்பவர்கள் விசையைக் குறைந்த அளவில் வைத்துத் தொடங்க வேண்டும். சில கேம்களில் விசையின் திசை தலைகீழாக அமைந்துவிட்டால், ஸ்டீயரிங் நேராகாமல் ஒரு பக்கமாக ஓடி முட்டும்; முழு பலத்தில் அது விரல்களைக் காயப்படுத்தக்கூடும். சுவரில் மோதப்போவது தெரிந்தால் கட்டைவிரல்களை ஆரக்கால்களுக்கு வெளியே எடுத்துவிட வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தான் இருந்தால், உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் அதைப் பொருத்திய பிறகே வீலுக்கு மின்சாரம் கொடுங்கள்.